பந்திக்கு ஏழு வாக்கியம், ஒரு மீன்காரர்

தரம் 4 பிள்ளையிடம் "எங்கள் ஊர்" என்று தலைப்புக் கொடுத்தால் கொப்பியில் வருவது அநேகமாக இதுதான்:

"எங்கள் ஊர் மட்டக்களப்பு. எங்கள் ஊர் அழகான ஊர். எங்கள் ஊரில் வாவி உண்டு. கல்லடிப் பாலம் உண்டு. கோயில் உண்டு. வயல் உண்டு. எனக்கு எங்கள் ஊரை மிகவும் பிடிக்கும்."

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆசிரியர் சரி போட்டு, பத்துக்கு ஏழும் போட்டுவிடுவார். ஆனால் நடுவில் உள்ள நான்கு வாக்கியங்களையும் எப்படி மாற்றி அடுக்கினாலும் ஒன்றும் கெடாது. வயலை முன்னுக்கும் வாவியைப் பின்னுக்கும் போடலாம். கடைக்குப் போகும்போது எழுதிக்கொண்டு போகும் சாமான் துண்டும் அப்படித்தான். வரிசை மாறினால் பொருள் கெட வேண்டும், அப்போதுதான் அது பந்தி.

குற்றம் பிள்ளையில் இல்லை, தலைப்பில்தான். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று இரண்டையும் ஏழு வரிக்குள் அடக்கச் சொன்னால் பெரியவர்களும் "உண்டு, உண்டு" என்றுதான் எழுதுவார்கள். தலைப்பை முதலில் சின்னதாக்க வேண்டும். கரும்பலகையில் மேலே "ஊர்" என்று எழுதி, "ஊரில் எந்த இடம்?" என்று கேளுங்கள். "எங்கட ஒழுங்கை" என்று வரும். அதைக் கீழே எழுதி, "ஒழுங்கையில் எந்த நேரம்?" என்று கேளுங்கள். "விடிய." விடிய அங்கே என்ன நடக்கும்? மூன்று, நான்கு படி இறங்கினால் போதும். ஒரு பிள்ளை ஓரிடத்தில் நின்று பத்து நிமிடத்தில் பார்த்து முடிக்கக்கூடிய விஷயமாக அது வந்திருந்தால் அளவு சரி.

"எழுத ஒண்டுமில்ல டீச்சர்" என்று இருக்கும் பிள்ளைக்கும் இதே வழிதான், வாயால் கொஞ்சம் கூடுதலாகக் கிளற வேண்டும், அவ்வளவுதான்.

"விடிய என்ன சாப்பிட்ட?"
"புட்டும் மீனும்."
"என்ன மீன்?"
"சூடை."
"ஆரு வாங்கினது?"
"அம்மா. மீன்காரர் மோட்டசைக்கிள்ல கொண்டு வருவாரு."
"அவர் வந்திட்டார் எண்டு எப்படித் தெரியும்?"
"ஹோன் அடிப்பாரு. எங்கட பூனை ஓடும்."

பந்தி கையில் வந்துவிட்டது. இந்த இடத்தில் "சரி, எழுது" என்று விட்டுவிடக் கூடாது. ஐந்து சொல் மட்டும் குறிக்கச் சொல்லுங்கள்: ஹோன், பூனை, சட்டி, தராசு, கூடப் போட்ட மீன். வாக்கியம் வேண்டாம், சொல் மட்டும். 40 நிமிடப் பாடவேளையில் பேச்சுக்கும் குறிப்புக்கும் 15 நிமிடம் போனாலும் போகட்டும். எழுத 15 நிமிடம் தாராளம். மீதி நேரம் வாசிக்க. பேச்சை வெட்டிவிட்டு எழுத்துக்கு நேரம் சேர்த்தால் பென்சில் கடிக்கும் நேரம்தான் கூடும்.

அந்தப் பேச்சிலிருந்து வரக்கூடிய பந்தி இப்படி இருக்கும்:

"விடிய ஏழு மணிக்கு முன்பே எங்கள் ஒழுங்கைக்கு மீன்காரர் வருவார். அவரைக் காண்பதற்கு முன்பே ஹோன் சத்தம் கேட்டுவிடும். அதைக் கேட்டதும் எங்கள் பூனை கடப்படிக்கு ஓடும். அம்மா சட்டியுடன் பின்னால் போவார். மீன்காரர் பெட்டியைத் திறந்து, சூடை மீனை அள்ளித் தராசில் போடுவார். நிறுத்து முடிந்ததும் இரண்டு மீனைக் கூடப் போடுவார். அந்த இரண்டும் பூனைக்குத்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்."

ஏழு வாக்கியம். தரம் 4, 5க்கு ஐந்து முதல் ஏழு வரை அளவாக இருக்கும். தரம் 3க்கு மூன்று, நான்கு போதும்.

இதை வகுப்பில் சும்மா வாசித்துக் காட்டுவதில் பயன் குறைவு. ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனிக் கடதாசித் துண்டில் எழுதிக் கலைத்து, நான்கு பிள்ளைகளுக்கு ஒரு கட்டாகக் கொடுங்கள். "எங்கள் வீட்டில் ஒரு மாமரம் உண்டு" என்று எட்டாவது துண்டு ஒன்றையும் உள்ளே செருகிவிடுங்கள். மாமரத்தை அவர்கள் இரண்டு நிமிடத்தில் வெளியே தூக்கிப் போடுவார்கள். தாங்களே எழுதும் கொப்பியில் அதே மாமரம் கண்ணில் படாது, அது வேறு கதை. வரிசைப்படுத்தும்போது கவனிக்க வேண்டியது, எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுக்குகிறார்கள் என்பது. "அதைக் கேட்டதும்" என்ற துண்டு ஹோன் சத்தத்துக்குப் பிறகுதான் வரலாம். "அந்த இரண்டும்" என்பதற்கு முன்னால் இரண்டு மீன் இருந்தாக வேண்டும். அது, அந்த, அங்கே, அப்போது: தமிழில் ஒரு வாக்கியத்தை மற்றதோடு கட்டும் கயிறு இந்தச் சுட்டுச் சொற்கள்தான். கோடிட்டுக் காட்டினால் பிள்ளைகள் அதைத் தங்கள் எழுத்திலும் தேட ஆரம்பிப்பார்கள்.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு: மறுகா, அதாவது "பிறகு". "மறுகா அப்பா வந்தார். மறுகா சாப்பிட்டோம். மறுகா படுத்தோம்." இதை வெட்டிவிட்டு "பின்னர்" போடச் சொல்வதுதான் வழக்கமான வைத்தியம். மூன்று மறுகா மூன்று பின்னர் ஆகும், நோய் அப்படியே இருக்கும். தயிர் போடும் விதத்தை எழுதச் சொல்லுங்கள். "பாலைக் காய்ச்சினார். பின்னர் ஆறவிட்டார். பின்னர் சட்டியில் ஊற்றினார்" என்று வந்தால், ஒரே ஒரு மாற்றம் காட்டினால் போதும்: "எருமைப் பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, மண்சட்டியில் ஊற்றினார்." காய்ச்சி, ஆறவிட்டு போன்ற வினையெச்சம் இருக்கும்போது தமிழுக்குப் "பின்னர்" அதிகம் தேவைப்படாது. ஆனால் ருசி கண்ட பிள்ளை ஏழெட்டு எச்சத்தைக் கோத்துக்கொண்டே போகும், வினைமுற்று எங்கே என்று தேட வேண்டிவரும். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு எச்சம், மிஞ்சினால் மூன்று என்று எல்லை வையுங்கள்.

காலம் மாறுவதையும் இதே பயிற்சியில் பிடிக்கலாம். "காய்ச்சுவார்" என்று தொடங்கி "ஊற்றினார்" என்று முடிப்பார்கள். நாளாந்தம் நடப்பதா, நேற்று ஒருமுறை நடந்ததா என்று எழுதத் தொடங்கும் முன்பே கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஊர்ச்சொல் வந்தால் என்ன செய்வது? "ஓடிச்சு", "வந்திட்டு" போன்ற பேச்சு வினைகளை எழுத்து வடிவத்துக்கு மாற்றத்தான் வேண்டும். பெயர்ச்சொற்களில் கைவைக்கத் தேவையில்லை. கடப்படியை "நுழைவாயில்" என்று திருத்தினால் பூனை ஓடுகிற இடம் ஏதோ அரசாங்கக் கட்டடம் போலாகிவிடும். காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ ஒரு பிள்ளை உம்மா, வாப்பா என்று எழுதினால் அது அப்படியே நிற்க வேண்டும். அதை "அம்மா, அப்பா" ஆக்குவது திருத்தமே அல்ல.

தகவலைச் செருகும் பழக்கத்தையும் கொஞ்சம் கட்டுப்படுத்த வேண்டும். கல்லடிப் பழைய பாலம் 1924இல் வந்தது, பக்கத்தில் புதியது 2013இல் திறக்கப்பட்டது. அதுவரை பழையதில் ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம்தான் போக முடிந்தது. இரண்டு பாலங்களையும் ஒப்பிடும் பந்தியில் இந்த ஆண்டுகளுக்கு வேலை இருக்கிறது. விடியற்காலைத் தோணியைப் பற்றிய பந்தியில் 1924 வந்தால் அதுவும் மாமரம்தான்.

முதல் வாக்கியத்தில் முடங்கிப் போகும் பிள்ளைகளுக்கு இரண்டு வரி வெறுமையாக விட்டுவிட்டு நடுவிலிருந்து தொடங்கச் சொல்லலாம். என்ன எழுதினோம் என்று தெரிந்த பிறகு முதல் வாக்கியம் லேசாக வரும். "நான் இப்போது மீன்காரரைப் பற்றி எழுதப்போகிறேன்" என்ற அறிவிப்பும் தானாக ஒழியும். கடைசி வாக்கியத்தில் "எனவே நாம் அனைவரும் மீன்காரரை மதித்து நடப்போம்" என்று எழுத வைப்பது பிள்ளைகள் இல்லை, நாங்கள்தான். மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்ய விட்டால் எல்லாக் கொப்பியும் அந்த வாசகத்தில்தான் வந்து நிற்கும்.

திருத்தும்போது ஒரு முறைக்கு இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். இந்த வாரம் மாமரமும் சுட்டுச் சொல்லும் என்றால் ல, ள, ழ அடுத்த வாரம் வரட்டும். சிவப்பு மையால் நிரம்பிய பக்கத்தைப் பிள்ளை வாசிப்பதில்லை, எண்ணிப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடும். பிழையைத் திருத்தி எழுதிக் கொடுக்காமல், அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். அடுத்த நாள் அதே பந்தியைப் பக்கத்துப் பிள்ளைக்குச் சத்தமாக வாசிக்க விடுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் பென்சில் தானாக நிற்கும்.