வேலைக்காரன் வெட்டுன புல்லு யாருக்கு?

அரசியல் சிந்தனை வரலாறுல பிஹெச்டி பண்றேன்னு இலங்கை மலையகத்துல, ஹட்டன் பக்கம் யார்ட்டயாவது சொன்னா, எந்தக் கட்சிக்குன்னுதான் அடுத்த கேள்வி வரும். அது பரவால்ல. கெம்பஸ்ல வர்ற கேள்விதான் எரிச்சல்: தேயிலைத் தோட்டத்து சனத்துக்கு கஷ்டம் இருந்துச்சு, போராட்டம் இருந்துச்சு, சரி, இதுல சிந்தனை எங்கன்னு கேப்பாங்க.

என் வேலை பெரும்பாலும் உக்காந்து வாசிக்கிறதுதான். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் எழுதுனது, அவர் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமா போய் பாடுன பாட்டு, தோட்டத்து சனத்த நாடில்லாதவங்களாக்குன 1948 பிரஜாவுரிமைச் சட்டம், அவங்க விண்ணப்பிச்சு பிரஜாவுரிமை எடுக்கன்னு வந்த 1949 சட்டம். இதோட இங்கிலாந்து தத்துவவாதி ஜோன் லொக்கும்.

லொக் 1689ல சொன்னது இதுதான், ஒருத்தன் தன் உழைப்ப ஒரு பொருள்ல கலந்தா அது அவன் சொத்து. இத வாசிச்சதும் நமக்கு மே தின மேடைதான் ஞாபகம் வரும், காட்ட வெட்டி மலையத் திருத்துனது எங்க பாட்டன் பூட்டன், அப்ப இது எங்க மண்ணுன்னு பேசுவாங்களே, அட இதுதானே அதுன்னு தோணும். ஆனா அடுத்த பந்தியிலயே அவர் சொல்றார், என் குதிரை மேஞ்ச புல்லும் என் வேலைக்காரன் வெட்டுன புல்கரணையும் என்னோடதுன்னு. குதிரையும் வேலைக்காரனும் ஒரே வரிசையில! தோட்டத்த நடத்துன தொரைமார் கணக்கும் இதேதான், கொழுந்து பறிக்கிறது நாம, தேயிலை அவங்களோடது. அதனால மேடையில பேசுறவர் லொக் சொன்னத திருப்பிச் சொல்லல, லொக் கண்டுக்காம தாண்டிப் போன எடத்துல நின்னு, வேலைக்காரன் உழைப்பு யாருக்குன்னு கேள்வி கேக்குறார். சிந்தனை வேற எப்படி இருக்கணும்?

1949 சட்டம் இந்தக் கேள்வியத் தொடவே இல்ல. 1946க்கு முந்தி கல்யாணம் ஆனவங்க 7 வருஷம், ஆகாதவங்க 10 வருஷம் தொடர்ந்து இங்க இருந்தீங்களான்னுதான் கேட்டுச்சு. செக்ரோல்ல, அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டுல, பேர் விழுறது வேலை செஞ்சதுக்கு, ஆனா அந்த மாதிரி தோட்டத்து ரெக்கோர்டெல்லாம் ஆள் இங்க இருந்தாரான்னு பாக்க மட்டுந்தான் ஒதவுச்சு. 8 லட்சத்துக்கு மேல ஆளுங்களுக்காக விண்ணப்பம் போட்டாங்க, பிரஜாவுரிமை கெடச்சது 1 லட்சத்து 34 ஆயிரம் சொச்சம் பேருக்கு.

சூப்பர்வைசர் இத ரெண்டு செப்டரா பிரிக்கச் சொல்றார், லொக் தனியா, தோட்டம் தனியா. நான் இன்னும் ஒத்துக்கல, பிரிச்சா லொக் தியரி ஆயிடுவார், எங்க ஆளுங்க வெறும் உதாரணம் ஆயிடுவாங்க. இப்ப இந்தச் சட்டங்கள எதிர்த்து தோட்டத்து சனத்தோட தலைவர்மார் நடத்துன 1952 சத்தியாக்கிரகத்தப் பத்தி வாசிச்சிட்டிருக்கேன், அங்க உழைப்புப் பேச்சு கொறைவு, பறிபோன ஓட்டுதான் பேச்சு, ஏன் அப்படி மாறுச்சுன்னு பாக்கணும்.