மூச்சிரைப்பும் டிஸபிலிட்டி பென்ஷனும்: மனு எழுதும் நாட்குறிப்பு

ஜனவரி 6

பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் டிஸபிலிட்டி பென்ஷன் (பணியால் வந்த அல்லது கூடிய ஊனத்துக்கான ஓய்வூதியம்) கேட்டு எழுதும் மனுக்களில் திரும்பத் திரும்ப ஒரே குறை. மூச்சிரைப்பின் வேதனை இரண்டு பக்கத்துக்கு இருக்கும், தேதி ஒன்றுகூட இருக்காது. வேதனை உண்மைதான், படிக்கும்போதே மனசு கனக்கிறது. ஆனால் முடிவெடுப்பவர் தேடுவது வேறு: நோய் பணியால் வந்ததா, அல்லது பணியால் கூடியதா? ஊனத்தின் அளவு 20 சதவீதமாவது இருக்கிறதா?

"கூடியது" என்பதைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆஸ்துமா உடல்வாகால் வந்தது என்று மெடிக்கல் போர்டு (படையின் மருத்துவர் குழு) எழுதினாலும், பணியிடத்துச் சூழல் அதை மோசமாக்கியது என்று காட்டினால் பென்ஷன் உண்டு. மனுவில் இரண்டையும் கேளுங்கள்.

ஜனவரி 9

எல்லாவற்றுக்கும் வேர், பணியிலிருந்து வெளியே வரும்போது நடக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டின் தாள். படிவம் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16. அதில் போர்டின் கருத்துப் பகுதியைத் திருப்புங்கள். நோயின் பெயருக்கு எதிரே "பணியால் வந்ததா" கட்டத்தில் இல்லை, "கூடியதா" கட்டத்தில் இல்லை, பக்கத்தில் காரணமாக ஒற்றை வரி. பெரும்பாலும் "கான்ஸ்டிட்யூஷனல்" (உடல்வாகால் வந்தது) என்ற ஒரே சொல். பணியால் வரவும் இல்லை, கூடவும் இல்லை என்ற இதைப் பட்டாளத்தில் "என்.ஏ.என்.ஏ." என்பார்கள். உங்கள் மேல்முறையீடு முழுக்க அந்த வரிக்குச் சொல்லும் பதில்தான். அதைப் படிக்காமல் மனு எழுத உட்காராதீர்கள்.

தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கே கைகொடுக்கும். சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், பின்னால் வந்தது பணியால் வந்ததாகவே கொள்ளவேண்டும். இல்லை என்பதற்குப் போர்டு காரணம் எழுதவேண்டும்.

ஜனவரி 13

அந்தத் தாள் கையில் இல்லாதவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதுங்கள் (மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன்). 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். படை எண், ரேங்க், டிரேடு, டிஸ்சார்ஜ் தேதி நான்கும் இருக்கட்டும். "என் மருத்துவ ஆவணங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ஒரு தாளோடு முடித்துவிடுவார்கள். சேர்க்கை மருத்துவப் பரிசோதனை, ஆஸ்பத்திரி கேஸ் ஷீட், மெடிக்கல் கேட்டகிரி (உடல்தகுதித் தரம்) குறைத்த போர்டுகள், ரிலீஸ் போர்டு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

ஜனவரி 20

ஒரு முழுத்தாளை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று கட்டமாகப் பிரியுங்கள்: எங்கே பணி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, அப்போது மூச்சுக்கு என்ன சிகிச்சை. லடாக் பங்கரில் புகாரி அடுப்பின் மண்ணெண்ணெய்ப் புகை, ராஜஸ்தான் மணல்புழுதி, வண்டிப் பட்டறையின் டீசல் புகை இவற்றை இடத்தோடும் வேலையோடும் சேர்த்து எழுதுங்கள். முதல் இன்ஹேலர் எழுதிய தேதி அந்தப் பணியிடக் காலத்துக்குள் விழுந்தால் அந்த வரியைச் சிவப்பில் அடிக்கோடிடுங்கள். பணியில் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருடம் எந்தச் சிகிச்சையும் இல்லை என்பதும் உங்களுக்குச் சாதகமான சான்றுதான்.

ஜனவரி 28

ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதவைத்து மூச்சின் அளவைப் பார்க்கும் சோதனை. திருமங்கலம் பக்கத்தவர்களுக்குத் தோப்பூர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அருகில். காலையில் சால்பியூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் மருந்து) அடித்துக்கொண்டு போனால் மூச்சின் அளவு உள்ளதைவிட நல்லதாகக் காட்டும், கேஸ் கெடும். சோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பே அதை நிறுத்தவேண்டும், நீண்டநேர மருந்துக்கு இன்னும் கூட. டாக்டரைக் கேட்டே நிறுத்துங்கள். மூச்சு முட்டினால் சோதனை கிடக்கட்டும், மருந்தை அடியுங்கள்.

ஒரே மூச்சில் வேகமாக ஊதி, 6 விநாடியாவது தொடரவேண்டும். இப்படி மூன்று சரியான ஊதல். பிறகு மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அப்போதும் முதல் விநாடிக் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) பக்கம் சாயும். மருந்துக்குப் பிறகு அந்த முதல் விநாடிக் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமா பக்கம். எண்களோடு வளைகோட்டுப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். பாதியில் இருமிய ஊதல் படத்தில் பல் பல்லாகத் தெரியும். அந்தத் தாளை யாரும் ஏற்கமாட்டார்கள்.

ஒன்று மனதில் இருக்கட்டும்: ரிலீஸ் போர்டு போட்ட சதவீதத்தை இன்றைய ரிப்போர்ட் மாற்றாது. நோய் தொடர்கிறது என்பதற்கே அது சான்று.

பிப்ரவரி 3

பீடி, சிகரெட் பழக்கத்தை மறைக்காதீர்கள். அளவுமீறிய புகையிலையால் வந்த ஊனத்துக்கு விதியில் இழப்பீடு இல்லை, கேஸ் ஷீட்டிலோ பழக்கம் ஏற்கெனவே எழுதியிருக்கும். மறைத்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள். எப்போது விட்டீர்கள், விட்டபிறகும் எந்தப் பணியிடத்தில் நோய் கூடியது என்பதை எழுதுங்கள்.

பிப்ரவரி 10

மறுப்புக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் தள்ளுபடியானால் மீண்டும் 6 மாதத்துக்குள் இரண்டாவது. அதன்பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு, அதற்கும் 6 மாதம். பக்கத்தில் இருக்கிறதே என்று நேராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனால் தீர்ப்பாயத்துக்கே போகச் சொல்வார்கள். கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள், கடிதம் எப்போது வந்தது என்பதற்கு முத்திரைத் தேதி சான்று. ரொம்ப வருடம் கழித்துப் போகிறவர்களுக்கு நிலுவை பொதுவாக வழக்குப் போட்டதற்கு முந்தைய 3 வருடத்துக்குத்தான். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பணம்.

பிப்ரவரி 14

எவ்வளவு கிடைக்கும்? 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் 50,000 என்றால் 15,000. போர்டு 20 சதவீதம் போட்டிருந்தால் 3,000. 50-க்குக் கீழே இருப்பதை 50 ஆக்கும் சலுகை கிடைத்தால் 7,500. முழுப் பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் அந்தச் சலுகை உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுவின் கடைசிப் பத்தியில் இதைத் தனியே கேளுங்கள்.

இங்கே எழுதியது 2023 செப்டம்பர் 21-க்கு முன் வெளியே வந்தவர்களுக்கு. அதற்குப் பின் வந்தவர்களுக்குப் புது விதி, அவர்கள் ஆட்சியர் வளாகத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் புக்கோடு கேட்டுவிட்டு மனு எழுதட்டும்.