பக்கத்து வீட்டுக்காரரை வரையச் சொன்னால்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

அமெரிக்காவில் குடியேறிய முதல் வருடம், பக்கத்து வீட்டில் இருப்பவரின் பெயர்கூடத் தெரியாமல் ஓடிவிடுவது சகஜம். கார் கராஜுக்குள் போகும், கதவு இறங்கும், அவ்வளவுதான். அறிமுகத்துக்குப் பிள்ளைகள் வழியாக ஒரு நல்ல வாய்ப்பு வருகிறது. 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் நல்ல அண்டைவீட்டார் தினத்தை அறிவித்தார். இப்போது அது செப்டம்பர் 28. அதை ஒட்டியோ வேறு மாதங்களிலோ சில ஊர்களில் இதே தலைப்பில் மாணவர் ஓவியப் போட்டி நடக்கும். அறிவிப்புத் தாள் பிள்ளையின் பள்ளி ஃபோல்டரில் மதிய உணவு மெனுவோடு சேர்ந்து வரும். பார்க்காமல் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நன்றாக வரைந்த படங்கள்கூட விதி தவறித் தள்ளுபடியாவதுண்டு. முதலில் தாளின் அளவு. இங்கே அங்குலக் கணக்குதான்: 9×12 அல்லது 12×18. ஊரிலிருந்து கொண்டுவந்த ஏ4 தாள், இங்குள்ள 8.5×11 லெட்டர் தாளைவிடச் சற்று ஒடுக்கம், சற்று நீளம், எதிலும் பொருந்தாது. பெயரைப் பெரும்பாலும் பின்பக்கம் எழுதச் சொல்வார்கள். மார்க்கரால் எழுதினால் முன்பக்கம் ஊறிவிடும். தனிச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ஸ்பைடர்மேன், எல்சா, கம்பெனி லோகோ எதுவும் வேண்டாம், உரிமைச் சிக்கல் வரும். பெற்றோர் கையெழுத்துப் படிவம் விடுபட்டால் படம் எடுபடாது. கடைசித் தேதிக்குள் படம் கைக்குச் சேர வேண்டுமா, தபால் முத்திரை இருந்தால் போதுமா என்பதையும் பாருங்கள். மடிக்காமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்புங்கள்.

எதை வரைவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பூமிப்பந்தைச் சுற்றிக் கைகோத்து நிற்கும் குழந்தைகளை எல்லாரும் வரைவார்கள். பிள்ளையிடம் இப்படிக் கேளுங்கள்: “நமக்கு யார், என்ன செய்தாங்க?” எதிர்வீட்டுத் தாத்தா நம் வீட்டு நடைபாதைப் பனியையும் சேர்த்து அள்ளினார் என்று சொன்னால், படம் கிடைத்துவிட்டது. பல ஊர்களில் வீட்டுமுன் நடைபாதைப் பனியை வீட்டுக்காரர்தான் அகற்ற வேண்டும். அதனால் அந்த உதவியின் அருமை நடுவருக்குச் சொல்லாமலே புரியும்.

தாத்தாவைத் தூரத்தில் பொம்மைபோல நிறுத்தாமல் கிட்டத்தில் கொண்டுவரச் சொல்லுங்கள்: வளைந்த முதுகு, கையுறை, ஷவல் நிறையப் பனி, வாயிலிருந்து வரும் ஆவி. பனிக்கு வெள்ளை பூச வேண்டாம்; தாளையே வெறுமையாக விட்டு, நிழலுக்கு மட்டும் வெளிர் நீலம். வாட்டர்கலர் என்றால் 140 பவுண்டு (140 lb) என்று குறித்த தடித்த தாள் வாங்குங்கள், சாதாரணத் தாள் நெளியும். பென்சிலில் மட்டும் லேசாக வரைந்தது ஸ்கேனில் தெரியாது. ஓரத்தில் அரை அங்குலம் விட்டால், சட்டமிடும்போது முக்கியமானது மறையாது.

வீட்டு எண், கார் நம்பர், பெயர் எதுவும் படத்தில் வர வேண்டாம். முகம் அடையாளம் தெரியும்படி இருந்தால் அவரிடம் அனுமதி கேளுங்கள். அப்படிக் கேட்கப் போவதே பல குடும்பங்களுக்கு முதல் உரையாடலாக அமையும். பெற்றோர் கைவைத்துத் திருத்த வேண்டாம். ஏழு வயதுக் கோட்டுக்கும் நாற்பது வயதுக் கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

படம் திரும்பி வராமலும் போகலாம், அதனால் முன்பே ஸ்கேன் செய்து வையுங்கள். பரிசு கிடைத்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு கலர் நகல் எடுத்து வார இறுதி மதியத்தில் படத்தில் இருப்பவர் வீட்டுக்குப் பிள்ளையோடு போய் மணியடித்துக் கொடுங்கள். அவருடைய தபால்பெட்டிக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள்: ஸ்டாம்ப் ஒட்டாத எதையும் அதில் போடுவது இங்கே சட்டப்படி தவறு.