தேய்ந்த பென்னியில் என்னவெல்லாம் படிக்கலாம்

பழைய பிரிட்டிஷ் பென்னி கையில் கிடைத்ததும் ஆண்டைத் தேடிக் கண்ணைக் கசக்க வேண்டாம். முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு புதிய அரசரும் முந்தையவருக்கு எதிர்ப்பக்கம் பார்ப்பது மரபு. விக்டோரியா இடப்பக்கம், ஏழாம் எட்வர்ட் வலப்பக்கம், ஐந்தாம் ஜார்ஜ் மறுபடி இடப்பக்கம். எட்டாம் எட்வர்ட் மட்டும் தானும் இடப்பக்கமே பார்ப்பேன் என்று அடம்பிடித்தார். அவர் பென்னி புழக்கத்துக்கே வரவில்லை. அவர் வலப்பக்கம் பார்த்ததாகக் கணக்கு வைத்து, ஆறாம் ஜார்ஜும் இடப்பக்கம் பார்க்கிறார். எலிசபெத் வலப்பக்கம்.

விக்டோரியாவில் கொண்டை போட்ட இளமுகம் என்றால், வெண்கலப் பென்னி தொடங்கிய 1860 முதல் 1894 வரையிலானது. முக்காடிட்ட முதிய முகம் 1895 முதலானது. தாமஸ் பிராக் வடித்தது. வெண்கலப் பென்னியின் எடை 9.45 கிராம், விட்டம் 30.8 மி.மீ. மூன்று சேர்ந்தால் ஓர் அவுன்ஸ். அதைவிடப் பெரியதாகவும் கனமாகவும் இருந்தால் அது 1860க்கு முந்தைய செம்புக் காசு.

முகம் தேய்ந்திருந்தால் பின்பக்கம் உதவும். திரிசூலத்தோடு அமர்ந்திருக்கும், பிரிட்டனின் உருவகப் பெண்ணான பிரிட்டானியாவுக்கு இடப்புறம் கலங்கரை விளக்கம், வலப்புறம் கப்பல், இரண்டும் இருந்தால் 1894 வரை. இரண்டும் இல்லையென்றால் 1895 முதல் 1936 வரை. கலங்கரை விளக்கம் மட்டும் இருந்தால் 1937 முதலானது.

ஐந்தாம் ஜார்ஜின் காசில் பிரிட்டானியாவைச் சுற்றி மங்கலான ஒரு தலையின் வடிவம் தெரிகிறதா? அது தேய்மானம் இல்லை. முன்பக்கத் தலை புடைப்பாக இருந்ததால், அச்சடிக்கும்போது உலோகம் அந்தப் பக்கமே இழுபட்டு, பின்பக்கம் சரியாக நிரம்பாமல் போனது. 1928இல் தலையைச் சிறிதாக்கிய பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது. பென்னி அச்சடிப்பின் சிரமத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் காசு வேறில்லை என்பேன்.

பர்மிங்காமின் ஹீட்டன் ஆலை அடித்தவற்றில் ‘எச்’ என்ற எழுத்து இருக்கும். விக்டோரியா காசில் அது ஆண்டுக்குக் கீழே. 1912, 1918, 1919 காசுகளில் ஆண்டுக்கு இடப்புறம். 1918, 1919இல் ‘கேஎன்’ என்றிருந்தால் கிங்ஸ் நார்ட்டன் ஆலை. 1882 காசில் ‘எச்’ இல்லாததுதான் அரிது. ஆனால் அதை நம்பிப் பணம் கொடுப்பதற்கு முன், ஆண்டுக்குக் கீழே லென்ஸ் வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். தேய்ந்த எழுத்தின் நிழல் அப்போதுதான் தெரியும். சுரண்டிய இடமானால் கீறல் பளிச்சிடும். 1933 என்று யாராவது நீட்டினால் கடைசி எண்ணை இதே மாதிரி சோதியுங்கள். அந்த ஆண்டு அடித்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். 1934, 1935, 1944 முதல் 1946 வரையிலான காசுகளை நாணயச்சாலையே ஹைப்போ என்ற வேதிக் கரைசலில் நனைத்துக் கருக்க வைத்தது. அந்தக் கருமையைத் தேய்த்தெடுத்தால் போனது திரும்பாது. எலுமிச்சையும் வினிகரும் வெண்கலத்தை அரித்து இளஞ்சிவப்பாக்கிவிடும். அழுக்குக்கு வாலைவடிநீரில் ஊறவைத்தால் போதும். பிசுக்கு இருந்தால் காற்றோட்டமான இடத்தில் அசிட்டோனில் நனைத்தெடுத்து, பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். பச்சைக் களிம்பு பிடித்த காசை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். பிவிசி உறையும் வேண்டாம், அதுவே களிம்பை வரவழைக்கும்.