நீங்க போட்ட பாலம்

"நீங்க போட்ட பாலத்தத் தாண்டி தண்ணி எங்க சார் போகும்?"

அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான். 2023 தொடக்கம், நகராட்சி மன்றக் கூட்டம் முடிந்த மதியம், இன்ஜினியரான என் அறை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. மேசையில் விரித்துக் கிடந்த வரைபடத்தில் நீலக்கோடு முடிகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். நான், "அடுத்த ஃபேஸ்ல வந்துரும்மா" என்றேன். சரி சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறேன், அங்கேயும் வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்த ஒரு நிமிஷம் வந்து நிற்கிறது.

பொய் சொன்னேனா என்றால் இல்லை. இரண்டாம் கட்டம் என்று ஒரு காகிதம் உண்மையிலேயே இருந்தது. அதற்குப் பணம் கிடையாது, தீர்மானம் கிடையாது, எஸ்டிமேட்டே பென்சிலில்தான் இருந்தது. ஆனால் காகிதம் இருந்தது.

விஷயம் சாதாரணமானது. மேலத்தெருவிலிருந்து ஊருணி வரைக்கும் மழைநீர் வடிகால், மொத்தம் 420 மீட்டர். அந்த நீளத்துக்குக் கிடைக்கிற சரிவு வெறும் 90 சென்டிமீட்டர், அதாவது இரண்டு முழ உயரத்தை நாலு தெருவுக்குப் பங்கு வைக்க வேண்டும். அரை அடி எங்காவது தவறினால் தண்ணீர் நின்றுவிடும். இந்த மாதிரி வேலையை வாலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் வேலையில் அரிச்சுவடி. முதலில் தண்ணீர் போய் விழுகிற இடம், அப்புறம் அதற்கு மேலே, அப்புறம் அதற்கும் மேலே. பணம் பாதிக்குத்தான் இருந்தது என்றால் கீழ்ப்பாதியைத்தான் போட்டிருக்க வேண்டும். நான் மேல்பாதிக்கு எஸ்டிமேட் போட்டேன்.

மேல்பாதி ஆளுங்கட்சிக் கவுன்சிலரின் வார்டு. கீழ்ப்பாதி இந்த அம்மாவின் வார்டு, எதிர்க்கட்சி. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சேர்மன் என்னை மிரட்டினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். மரியாதையான மனிதர், என்னைவிட வயதில் சின்னவர், ஒருமையில் பேசியதே இல்லை. "பாத்துச் செய்யுங்க சார்" என்றார். நகராட்சி அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் "பாத்து"வின் எடை தெரியும். அதில் உத்தரவும் கிடையாது, ஆதாரமும் கிடையாது. நாளைக்கு விசாரணை என்று வந்தால் பார்த்துச் செய்தவன் நான்.

அவர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011இல் சேர்மனுக்கு ஊர் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2022இல் அப்படி இல்லை. பிப்ரவரி 19ஆம் தேதி மக்கள் கவுன்சிலர்களுக்கு ஓட்டுப் போட்டார்கள், மார்ச் 4ஆம் தேதி கவுன்சிலர்கள் கூடி சேர்மனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக அவருடைய நாற்காலிக்குக் கால் பிடித்திருப்பவர்கள் கவுன்சிலர்கள். அவரவர் வார்டில் காட்டுவதற்கு ஏதாவது ஒன்று கொடுத்தாக வேண்டும். ஒரு வார்டுக்குப் பேவர் பிளாக், ஒரு வார்டுக்கு எல்.இ.டி. விளக்கு, ஒரு வார்டுக்கு வடிகால் என்று கோயில் சுண்டல் மாதிரி வருகிற பணத்தைப் பிரிப்பார்கள். கைக்கு ஒரு பிடி வரும், யாருக்கும் வயிறு நிறையாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது அவருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரொம்ப நாள் நான் அதைப் பிடித்துத்தான் தொங்கிக்கொண்டிருந்தேன். வடிகால் எங்கள் அஜெண்டாவில் நடுவில் இருந்தது. அதற்கு முன்பே எதிர்க்கட்சிக்காரர்கள் சொத்து வரி உயர்வை எடுத்துவிட்டார்கள். 2022 ஏப்ரலில் உயர்ந்த வரியை அதற்குப் பிறகு நடந்த எல்லாக் கூட்டத்திலும் எடுத்தார்கள், அது அவர்கள் உரிமை. கோஷம் போட்டு வெளிநடப்பு செய்தார்கள். இந்த அம்மாவும் எழுந்து போனார். போகும்போது கையில் அஜெண்டாத் தாளைச் சுருட்டி வைத்திருந்தார், வடிகால் பொருளில் பேனாவால் வட்டம் போட்டிருந்ததை நான் பார்த்தேன். வாசல் வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வெளியே பத்திரிகைக்காரர்களுக்கு அவர்கள் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே மிச்சப் பொருள்கள் அத்தனையும் ஆல் பாஸ்.

"உள்ளே உட்கார்ந்து ஆட்சேபணையைப் பதிவு செய்திருக்கலாமே, அவங்க கட்சி அவங்களைத் தூக்கிட்டுப் போச்சு, நான் என்ன பண்றது" என்று என் மனைவியிடம் சொன்னேன். மனைவி கேட்டது: "பதிவு பண்ணியிருந்தா மாத்தியிருப்பீங்களா?" மாற்றியிருக்க மாட்டேன். ஆட்சேபணை மினிட் புக்கில் இருந்திருக்கும், வேலை மேலத்தெருவில் நடந்திருக்கும்.

அந்த அம்மாவுக்கு ஒரு வழி சொல்லிப் பார்த்தேன் என்பதும் உண்மைதான், அது அடுத்த வாரம். நமக்கு நாமே திட்டத்தில் தெருவே சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மிச்சத்தை அரசு போடும், அரசியல் தலையீடு குறைவு என்றேன். சிரித்தார். "மூணுல ஒரு பங்கு கட்டுற தெருவா இருந்தா நான் எதுக்கு சார் கவுன்சிலரு" என்றார். இட்லிக்கடை வைத்திருந்தவர், இன்றைக்கும் விடியற்காலையில் மாவு கரைப்பவர். வீட்டுக்காரர் கட்சியில் வட்டச் செயலாளர். பெண்களுக்குப் பாதி வார்டு என்று வந்ததும் சீட்டு இவருக்கு வந்தது. முதல் ஆறு மாதம் வீட்டுக்காரர்தான் ஆபீஸுக்கு வருவார், கையெழுத்து மட்டும் இவருடையது. எப்போது அது மாறியது என்று நான் கவனிக்கவில்லை. ஒருநாள் பார்த்தால் வீட்டுக்காரர் வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தார், இவர் உள்ளே வந்து எஸ்டிமேட் நகல் கேட்டார்.

சரி, பாலத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

அது பாலம்கூட இல்லை, சிறுபாலம், இரண்டு சைக்கிள் அகலத்துக்கு மேல் இருக்காது. ஊருணியின் பழைய வரத்துக்கால் தெருவைக் குறுக்கே கடக்கிற இடம். வார்டு மறுவரையறைக்குப் பிறகு எல்லைக்கோடே அதன்மேல்தான் போகிறது. அதைக் கட்டியது 2019 மார்ச்சில். கட்டியவன் நான்.

2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதிலிருந்து 2022 வரை, ஐந்து வருஷத்துக்கு மேல், கவுன்சிலரும் கிடையாது சேர்மனும் கிடையாது. கமிஷனரே தனி அலுவலர். உண்மையைச் சொல்கிறேன், என் சர்வீஸில் நான் நிம்மதியாக வேலை பார்த்த காலம் அதுதான். தீர்மானம் என்றால் ஒரு கையெழுத்து, மதியத்துக்குள் ஃபைல் திரும்பி வரும். அதற்கு முந்தைய கவுன்சிலர் ஒருவர் காலை ஆறு மணிக்கே போன் அடித்து சிமெண்ட் மூட்டையை எண்ணிச் சொல்வார். அவருடைய பதவிக்காலம் முடிந்த அன்று எனக்கு விடுமுறை விட்ட மாதிரி இருந்தது. கட்சிக்காரர்கள் இல்லாவிட்டால் ஊர் எவ்வளவு சீக்கிரம் முன்னேறும் பாருங்கள் என்று டீக்கடையில் பேசியிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் கட்டிய பாலம் அது. அடியில் குடிநீர் மெயின் பைப் குறுக்கே போனது. அதை இறக்கிப் போட வேண்டுமென்றால் எஸ்டிமேட்டில் இல்லாத செலவு, இரண்டு நாள் சப்ளை நிறுத்தம், மார்ச் 31க்குள் பில் போகாது. பைப்பை விட்டுவிட்டுப் பாலத்தின் தளத்தை 20 சென்டிமீட்டர் தூக்கினேன். பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர், "சார், மேடா இருக்கே, தண்ணி ஏறிப் போகுமா" என்றார். "ரோட்டையும் ஏத்தத்தான் போறோம்ணே" என்று சொல்லிவிட்டேன். 90 சென்டிமீட்டர் சரிவுள்ள இடத்தில் 20 சென்டிமீட்டர். ஆறு மணிக்குப் போன் அடிக்கிற அந்தப் பழைய கவுன்சிலர் பதவியில் இருந்திருந்தால் அந்தக் கடைக்காரர் அவரிடம் சொல்லியிருப்பார், அவர் என் உயிரை எடுத்திருப்பார், நான் பைப்பை இறக்கியிருப்பேன். ஆனால் அதே கவுன்சிலர் அந்தப் பாலத்தைத் தன் கொழுந்தியா வீட்டுக்கு முன்னால் நகர்த்தச் சொல்லியும் உயிரை எடுத்திருப்பார், அதுவும் நிச்சயம். இரண்டையும் வைத்துப் பார்த்தால் எது தேவலை என்று என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

இப்போது அந்தக் கேள்விக்குத் திரும்பினால், "நீங்க போட்ட பாலம்" என்றாரே, அந்த "நீங்க" யார்? நகராட்சியா, நானா? தமிழில் மரியாதைக்கும் கூட்டத்துக்கும் ஒரே சொல்லாகப் போனதில் நான் தப்பித்தேன். நகராட்சியைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு பதில் சொன்னேன். 2019இல் அவர் அந்தத் தெருவில்தான் இட்லி விற்றுக்கொண்டிருந்தார். நான் அங்கே குடையைப் பிடித்துக்கொண்டு நின்று கான்கிரீட் போடவைத்ததைப் பார்த்திருக்கலாம். அல்லது பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

2023 நவம்பரில் ஒரு மழை. பெருமழை இல்லை, ஒன்றரை மணி நேரம். முன்பு மேலத்தெருவில் ஆங்காங்கே தேங்கி மெதுவாக வந்த தண்ணீர் இப்போது வழவழ கான்கிரீட்டில் ஓடிவந்து பாலத்தில் முட்டி, கீழ்த்தெருவில் ஆறு வீட்டுக்குள் போனது. ஏற்கெனவே ரோடு போட்டுப் போட்டு ஏறி, வீடுகள் இரண்டு படி பள்ளத்தில் இருந்தன. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று உத்தரவெல்லாம் இருக்கிறது. ஒரு வீட்டில் தையல் மெஷின் மோட்டார் போனது, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி. யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதும்போதே இது சமாதானம் என்று தெரிகிறது.

அந்த அம்மா போன் பண்ணவில்லை, சண்டைக்கு வரவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம். வாளியோடு வீட்டுக்குள் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார், நான் போனதைப் பார்த்து, "பாத்து வாங்க சார், வழுக்கும்" என்றார்.

டிசம்பர் 17, 18இல் தெற்கே பெருவெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மழை. எங்கள் ஊருக்கு அதன் ஓரம்தான். ஜனவரியில் மேலேயிருந்து பாதிப்பு அறிக்கை கேட்டபோது நவம்பர் ஆறு வீட்டையும் அதிலேயே சேர்த்து, "எதிர்பாராத அதிகனமழை காரணமாக" என்று எழுதினேன். நிவாரணத்துக்கு உதவியாக இருக்கும் என்றுதான் எழுதினேன். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

பொங்கல் கழித்து அந்த அம்மா ஆளுங்கட்சியில் சேர்ந்தார். கட்சித் தாவல் தடைச் சட்டம் எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான், கவுன்சிலர் காலையில் ஒரு துண்டு மாலையில் ஒரு துண்டு போடலாம். வீட்டுக்காரர் சேரவில்லை என்று கேள்விப்பட்டேன், ஒரே வீட்டில் இரண்டு கொடி. சேர்ந்த மூன்றாவது வாரம் சேர்மன் அந்தப் பென்சில் காகிதத்தைக் கேட்டார். மார்ச் 16இல் மக்களவைத் தேர்தல் அறிவிப்பு, நடத்தை விதி, ஜூன் வரை எதுவும் நகரவில்லை. ஜூலையில் டெண்டர், தீபாவளிக்கு முன்பு வேலை முடிந்துவிட்டது. நான் சொன்ன "அடுத்த ஃபேஸ்" வந்தேவிட்டது. என்னுடன் வேலை பார்த்த ஒருவர், "பாத்தீங்களா, நீங்க ரெண்டாப் பிரிச்சதாலதான் முழுசும் கிடைச்சிச்சு, மொத்தமாக் கேட்டிருந்தா அந்தப் பணம் வேற ஊருக்குப் போயிருக்கும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதைக் கேட்டு எனக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை என்று யோசித்தேன். அந்த வடிகாலுக்கு விலை கொடுத்தது நானும் இல்லை, சேர்மனும் இல்லை.

பாலத்தை உடைத்த அன்று அந்த அம்மா புதுக் கரைச் சேலையில் வந்து நின்றார். ஜேசிபி ஓட்டுகிற பையன், "இவ்ளோ மேட்டுல யாரு சார் போட்டது?" என்று கத்தினான். நான் எஞ்சின் சத்தத்தில் கேட்காத மாதிரி நின்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்து, "நீங்க போட்டத நீங்களே உடைக்கிறீங்க, அதுக்கே மனசு வேணும் சார்" என்றார். மறுபடியும் அந்த "நீங்க". கிண்டலா, பாராட்டா, பழக்கமா. முகத்தைப் பார்த்தேன், அவர் குழிக்குள் தெரிந்த பைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம், ஆமாம்மா, நான்தான் என்று. சொன்னால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்றும் யோசிக்கிறேன். நான் லேசாகியிருப்பேன், அவ்வளவுதான்.

போன மாதம் என் இடத்துக்கு வந்திருக்கிற பையன் கூப்பிட்டான். ஊருணிக்கு முன்னால் கடைசி நாற்பது மீட்டரில் தண்ணீர் சரியாகப் போகவில்லையாம், அந்தத் துண்டு மட்டும் ஒரு சுயேச்சை கவுன்சிலரின் வார்டாம், அவர் தினமும் வந்து நிற்கிறாராம். "2019 லெவல் புக் மட்டும் ஆபீஸ்ல இல்ல சார், உங்ககிட்ட இருக்குமா?" என்று கேட்டான். மட்டங்களை அளந்து எழுதி வைக்கிற அந்த நோட்டு என் வீட்டுப் பீரோவில் மேல் தட்டில், துணிப்பையில் இருக்கிறது. தேடிப் பார்க்கிறேன் தம்பி என்று சொல்லியிருக்கிறேன்.