டிரம்முக்கு வாங்கின கடலைமாவு

வாழைக்காய் பஜ்ஜிக்கு நான் எதிரி இல்லை. இதை முதல்லயே சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமையிலிருந்து வீட்டுல என்னை அப்படித்தான் பேசிட்டு இருக்காங்க. "பெத்தவ நாலு பஜ்ஜி சுட்டதுக்குக் கணக்குக் கேக்கறான்"னு வாய்க்கா மேட்டுப் பெரியம்மா வரைக்கும் சேதி போயாச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் தோட்டத்து உரத்துக்காக டிரம்முல சாணி கரைச்சாச்சு, கோமியம் ஊத்தியாச்சு, சர்க்கரை போட்டாச்சு. மாடு கட்டற கட்டுத்தரைல, பரண் மாதிரி இருக்கிற அட்டாலில கையை விட்டுத் துழாவறேன், கடலைமாவுப் பை இல்லை. எலி இழுத்திருந்தா கீழ சிந்தியிருக்கும். பூனைக்குக் கடலைமாவுல ஈடுபாடு கிடையாது. வீட்டம்மாகிட்ட கேட்டேன். "எனக்கென்னங்க தெரியும்?"னு ஒரு பதில் வந்துச்சு. அந்த 'என்னங்க'வுல இருந்த இழுவையே எல்லாத்தையும் சொல்லிடுச்சு. அந்நேரம் பார்த்து அடுப்படிலிருந்து எண்ணெய் காயற வாசம். கோயமுத்தூர்லிருந்து சித்தப்பா, சித்தி, பசங்க எல்லாம் வந்து திண்ணைல உக்காந்திருந்தாங்க. சித்தப்பா கைல ஏற்கனவே ஒரு பஜ்ஜி பாதியா இருந்துச்சு.

நாங்க பண்றது இயற்கை விவசாயம். தெரியாதவங்க எங்க தோட்டத்தைப் பத்தி ஒரு கற்பனைல இருக்காங்க. விஷமில்லாத காய், செக்கு எண்ணெய், தூயமல்லிச் சோறு, நாங்க எல்லாம் ராஜபோகமா தின்னுட்டு இருக்கோம்னு. இங்க ராஜபோகம் அந்த 200 லிட்டர் நீல டிரம்முக்குத்தான். ஏக்கருக்கு ஒரு டிரம் ஜீவாமிர்தம், அதான் மண்ணுக்கு விடற இயற்கை உரக் கரைசல். டிரம் தண்ணில 10 கிலோ சாணி, 5லிருந்து 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ, கடலைமாவு மாதிரி ஏதாச்சும் 2 கிலோ பயறு மாவு, வரப்பு மண்ணு ஒரு கைப்பிடி. நிழல்ல வெச்சு, காலையும் மாலையும் கடிகாரம் சுத்தற பக்கமா குச்சியால கலக்கி, 48 மணி நேரம் போனதும் பாயற தண்ணியோட விடணும். சாணில இருக்கிற நுண்ணுயிர் சர்க்கரையையும் மாவையும் தின்னு பெருகும். மண்ணுக்குள்ள போய் மிச்ச வேலையைப் பார்க்கும்.

"கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குக் கடலைமாவு கரைச்சு ஊத்தற. கண்ணு முன்னாடி நிக்கற உங்கப்பனுக்குக் கொள்ளுக் கடைசலு"ங்கறது அம்மாவோட நிரந்தரக் குற்றச்சாட்டு. இந்த முறையைப் பரப்பின சுபாஷ் பாலேக்கருக்கு 2016-ல பத்மஸ்ரீ குடுத்தாங்கன்னு நான் ஒருநாள் பெருமையா சொல்லப்போய், இதுக்குப் பேரு ஜீரோ பட்ஜெட்டுன்னும் வாய் தவறி வந்துடுச்சு. "சீரோன்னா மளிகைக்கடைக்காரன் எதுக்குடா நோட்டுல எழுதி வெச்சிருக்கான்?"னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அதுக்கு என்கிட்ட இன்னைக்கு வரைக்கும் பதில் இல்லை.

சர்க்கரை விஷயம் இன்னும் மோசம். கவுந்தப்பாடி சர்க்கரை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல பழனிக் கோயில்காரங்க பஞ்சாமிர்தத்துக்கு மூட்டை மூட்டையா எடுக்கற அதே ஊருச் சரக்கு. "முருகனுக்குப் போற சர்க்கரையை மாட்டு மூத்திரத்துல கரைக்கறியே, கை வருதா உனக்கு?" வருது. ஆனா அந்த முருகனோட வாகனம் என் தக்காளிக்காட்டுல பண்ற அழிச்சாட்டியத்துக்கு இதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. மயிலு ஒரு தக்காளியை முழுசாத் தின்னா நான் எதுவும் கேக்க மாட்டேன். ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு கொத்து. கல்யாண வீட்டுல இலைக்கு இலை உப்பு பார்த்துட்டுப் போற பெரியப்பா கணக்கா, செடிக்குச் செடி நின்னு ருசி பார்த்துட்டு நடக்கும். விரட்டவும் முடியாது. 1963-லிருந்து தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டத்துல ரொம்பப் பாதுகாப்பு குடுக்கிற முதல் அட்டவணை. சட்டம் ஒரு பக்கம்னா அம்மா இன்னொரு பக்கம். வரப்புல நின்னு கன்னத்துல போட்டுக்குவாங்க. மயிலு அதைப் பார்த்துட்டு அடுத்த பாத்திக்குப் போகும்.

கோமியம்னு ஒரு வார்த்தைல சொல்லிட்டேன். அதைப் பிடிக்கறது தனி உத்தியோகம். எங்க மாடு பர்கூர் மாடு. செவலை உடம்புல வெள்ளைத் திட்டு, அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைல பிடிச்சது. மலைல தன்னிஷ்டத்துக்கு மேய்ஞ்ச இனம், புதுசா யாராச்சும் கிட்டப் போனா தலையை ஒரு தினுசா சாய்ச்சுப் பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பயந்து பால் சொசைட்டிக்கு வர்ற பையன் சுத்துவழிலதான் போறான். விடியக்காலை பக்கெட்டோட பின்னாடி போய் நின்னா ஒரு சொட்டு விடாது. காலு மாத்தி மாத்தி நின்னு, அலுத்துப்போய், பக்கெட்டைக் கீழ வெச்சு ஒரு கொட்டாவி விட்டீங்கன்னா அந்த நொடில முழுசா இறக்கிடும். எனக்கு இப்படி. அப்பாவுக்கு மட்டும் போன உடனே குடுக்கும்.

அப்பா யூரியாக் காலத்து ஆளு. ஐ.ஆர்.8 நெல்லு ரகம் வந்த 1966-ல தாத்தா பின்னாடி டவுசர் போட்டுட்டு வரப்புல ஓடினவரு. மூட்டையைப் பிரிச்சமா, வீசினமா, மூணாம் நாளு பயிரு கரும்பச்சைல நின்னுச்சாங்கறதுதான் அவருக்கு விவசாயம். நான் இயற்கைக்கு மாறினப்போ ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு: "யூரியாவுக்கு ராத்திரில எந்திரிக்க வேண்டியதில்லை." அதோட சரி. இப்ப நாலு மணிக்கு எந்திரிக்கறது அவருதான். முழங்கால் வலியோட குத்துக்கல்லுல உக்காந்து, மாட்டோட தாடைக்கடியில சொறிஞ்சுவிட்டுட்டே பேச்சு நடக்கும். போர் மோட்டார் காயில் போனது, வாய்க்கால்ல தண்ணி நிறுத்தப்போறாங்கன்னு கேள்விப்பட்டது, நான் வாங்கியிருக்கிற கடன். "நீயாச்சும் புரிஞ்சுக்கிட்டா சரி ஆத்தா"ன்னு முடிப்பாரு. அப்பறம் கோமியம் பக்கெட்டுல விழற சத்தம். போர்வைக்குள்ள படுத்துட்டு நான் கேட்டிருக்கேன். என்கிட்ட இதுல கால்வாசிகூட அவரு பேசினதில்லை.

சரி, பஜ்ஜி.

அந்த மாவு எப்படிப்பட்ட மாவுன்னு சொல்லியாகணும். டிரம்முக்குத்தானேன்னு மளிகைக்கடைல பழைய சரக்கா, விக்காமக் கிடந்த மூட்டையா பார்த்துப் பாதி விலைக்கு எடுத்து வெச்சது. வண்டு விழுந்திருந்தாலும் பரவாயில்லைன்னு நானேதான் சொல்லி வாங்கினேன். நுண்ணுயிர் மூஞ்சி சுளிக்காது. கோமியக் கேனுக்குப் பக்கத்துல, சாணி கூடைக்கு மேல, வேப்பம்புண்ணாக்கு மூட்டை மேல சாய்ஞ்சு அது இருந்த காலம் எனக்கே ஞாபகம் இல்லை. திடுதிப்புன்னு சனம் வந்து இறங்கவும், அடுப்படி டப்பால மாவு இல்லாமப் போகவும், அம்மா நேரா அட்டாலிக்கு வந்திருக்காங்க.

"சலிச்சுத்தாண்டா போட்டேன்"னாங்க அப்பறமா. சல்லடைல நின்னது என்னன்னு நான் கேக்கலை.

சித்தி முதல் பஜ்ஜியைப் பிட்டு வாய்ல வெச்சாங்க. மென்னாங்க. கண்ணை மூடினாங்க. நான் கோமியக் கையோட கட்டுத்தரை ஓரமா நின்னுட்டு இருக்கேன், கால் நகரலை.

"ஏனுங்க அக்கா, என்னமோ ஒரு மண்வாசம் வருதுங்களே! இது கடைமாவே இல்லைங்க. இயற்கையா வெளைஞ்ச கடலைங்களா?"

அம்மா அடுத்த வாழைக்காயை மாவுல முக்கிட்டே, தலை நிமிராம, "ஆமா சாமி. எல்லாம் நம்ம காட்டுதுதான்" அப்படின்னாங்க.

எங்க காட்டுல கொண்டைக்கடலை ஒரு செடி முளைச்சதில்லை. இயற்கையா வெளைஞ்சதுதான்னு அங்ககச் சான்றிதழ் வேணும்னா நெல்லு, காய்கறிக்கு 2 வருசமும் தென்னை மாதிரி மரப்பயிருக்கு 3 வருசமும் மாறுதல் காலம்னு காத்திருக்கணும். பதிவேடு எழுதணும், மண்ணு பரிசோதனை பண்ணணும், ஆய்வுக்கு வர்றவங்களுக்கு இளநி வெட்டணும். சித்தி ஒரே பஜ்ஜில சான்றிதழ் குடுத்துட்டாங்க.

சித்தப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது. "குடுத்து வெச்சவங்கடா நீங்க, வெசமில்லாத சோறு திங்கறீங்க"ன்னு ஆரம்பிப்பாரு. "கோயமுத்தூர்ல ஆர்கானிக் கடைல கத்திரிக்காய் என்ன விலைன்னு தெரியுமா?"ன்னு கேப்பாரு. தெரியும், அந்தக் கடைக்கு நான் என்ன விலைக்குப் போடறேன்னும் தெரியும். அப்பறம் கார் டிக்கியைத் திறந்து கட்டைப்பையை விரிப்பாரு. கத்திரி, சுரைக்காய், முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை, ரெண்டு தேங்காய். "புழு இல்லாததா பார்த்துப் போடு கண்ணு." நல்ல காயெல்லாம் டிக்கிக்குப் போனதும், மயிலு கொத்தின தக்காளி, புழு பாதி தின்ன கத்திரி, முத்திப்போன சுரைக்காய் எங்களுக்கு. வெட்டிப் போட்டுச் சாப்பிட்டுக்கறோம். ஆர்கானிக் சாப்பாடுன்னா எங்களுக்கு இதுதான்.

முழுப்பொய் சொல்லக்கூடாது. களையெடுப்பு முடிஞ்ச அன்னைக்குப் பொம்பளைங்க மடி நிறைய தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் கட்டிட்டுப் போவாங்க, எங்களுக்கும் ஒரு கை வந்து விழும். சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு, ரெண்டு வரமிளகாய் கிள்ளி, பருப்போட கடைஞ்சு, சூட்டுச் சோத்துல நெய் விட்டுப் பிசையறப்போ யாரு மேலயும் எனக்குக் கோபம் இருக்காது. அதை எந்தக் கடைலயும் விக்கறதில்லை. அது ஒரு களை. சித்தப்பா இன்னும் அதைக் கண்டுபிடிக்கலை, நீங்களும் சொல்லிடாதீங்க.

சனம் கிளம்பினதும் சண்டை. டிரம்முல மாவு இல்லை, நாளன்னைக்கு மஞ்சக்காட்டுக்குத் தண்ணி முறைன்னு நான் கத்தினேன். அம்மா ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு வெளிய வந்து பார்த்தா டிரம்முகிட்ட நிக்கறாங்க. பஜ்ஜிக்குக் கரைச்சு மிச்சமான மாவை, பாத்திரத்தை வழிச்சு வழிச்சு உள்ள ஊத்திட்டு இருக்காங்க. அதுல மிளகாய்த்தூள், ஓமம், பெருங்காயம், சோடா உப்பு சகலமும் இருக்கு. முந்தானையை இழுத்துச் செருகிட்டு, குச்சியை எடுத்து, வலப்பக்கமா, நான் சொல்லிக்குடுத்த மாதிரியே கலக்கினாங்க. நான் வெளியூர் போற நாள்ல டிரம்மைக் கலக்கறது அம்மாதான்னு அன்னைக்குத்தான் அப்பா சொன்னாரு. "திட்டிக்கிட்டே கலக்குவா. அதுல ஏதாச்சும் கெட்டிருக்கா?"ன்னாரு.

மிளகாய்த்தூள் நுண்ணுயிரை ஒண்ணும் பண்ணாதான்னு நான் கேட்டதுக்கு, "அதுகளும் எத்தனை நாளைக்குச் சப்புன்னு திங்கும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

விஷயம் அதோட முடிஞ்சிருந்தா நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். நேத்து ராத்திரி சித்தி போன். ஸ்பீக்கர்ல போட்டாங்க அம்மா. அபார்ட்மென்ட்ல எல்லார்கிட்டயும் பஜ்ஜியைப் பத்திச் சொல்லிட்டாங்களாம். நாலு வீட்டுல மாவு கேக்கறாங்களாம், ஆளுக்கு ரெண்டு கிலோ. "சும்மா வேண்டாங்க்கா, என்ன விலைன்னாலும் குடுத்தர்றோம்." என் வாழ்க்கைல முதல் தடவையா அந்த வீட்டுலிருந்து 'விலை'ங்கற வார்த்தையைக் கேக்கறேன். அதுவும் நான் வெளைவிக்காத பொருளுக்கு.

அம்மா போனை வெச்சாங்க. "நாளைக்கு அந்த மளிகைக்கடைக்குப் போ. அதே பழைய மூட்டைல மிச்சம் இருக்குதான்னு கேளு."

கட்டில்ல படுத்திருந்த அப்பா திரும்பிக்கூடப் பார்க்கலை. "வாங்கிட்டு வந்து உடனே குடுத்துடாதடா. கட்டுத்தரைல பத்து நாளு வெச்சுக் குடு. அந்த மண்வாசம் ஏறணுமில்ல."