தடைக்காலத்துக் குறிப்புகள்

ஏப்ரல் 22, செவ்வாய்

விசைப்படகெல்லாம் காசிமேட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் இப்படித்தான். ஃபைபர் படகு மட்டும் போய்வருகிறது, அதனால் நெத்திலியும் காரப்பொடியும் கொஞ்சம் வருகிறது. விலையைக் கேட்டுவிட்டுப் பாதிப்பேர் அப்படியே நகர்ந்துவிடுகிறார்கள்.

இந்த நேரம் பார்த்து ஊட்டச்சத்து வகுப்பெடுக்க 'சமச்சீர் உணவு' அட்டையைத் தூக்கிக்கொண்டு குப்பத்துக்குள் போகிறோம். அட்டையில் ஆப்பிள், பாதாம், பாலாடைக்கட்டி எல்லாம் இருக்கிறது. யார் அச்சடித்தார்களோ.

ஏப்ரல் 24, வியாழன்

எண்ணூர் தாழங்குப்பம். ஒரு ஆயா முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பி, வெள்ளை வெளேரென்று பளபளப்பே இல்லாத மணிகளை மட்டும் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "பிளாஸ்டிக் அரிசி கண்ணு. கொழந்தைங்க துன்ற சோத்துல கலந்து குட்த்துடுறானுங்க."

அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, எந்திரத்தில் மறுபடியும் அரிசி வடிவத்துக்குப் பிழிந்து எடுப்பது. 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ கலக்கிறார்கள். அதாவது நூறு மணிக்கு ஒரு மணி. அந்த ஒன்றைப் பொறுக்கி எறிந்தால் மீதி சாதாரண அரிசிதான்.

ஆயாவிடம் வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை. வெந்த சோற்றிலிருந்து அந்த மணியை எடுத்து விரலில் வைத்து நசுக்கிக் காட்ட வேண்டும். மாவாக இழையும். பிளாஸ்டிக் இழையாது. அடுத்த முறை உலை வைக்கிற நேரத்துக்குப் போக வேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

'உள்ளூர் ஆற்று மீன் சாப்பிடுங்கள்' என்ற வரியை அட்டையிலிருந்து அடித்தாயிற்று. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றில் எண்ணெய் படர்ந்ததை வலையிலும் படகிலும் தேய்த்துக் கழுவியவர்கள் இங்கே இருக்கிறார்கள். மடவையைப் பற்றியும் எறாவைப் பற்றியும் அவர்களுக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 30, புதன்

பள்ளிக்கூடம் லீவு. காலைச் சாப்பாடும் கிடையாது, மதியச் சாப்பாடும் கிடையாது.

மே 3, சனி

பருப்பு வேகவில்லை என்ற புகார் மறுபடியும். மூன்று வீதியிலும் இதே பேச்சு. ரேஷன் பருப்பு பழசு, மட்டம் என்கிறார்கள். பழசாக இருந்தாலும் வேகாதுதான், ஆனால் இங்கே அதைவிட முக்கியமான காரணம் தண்ணீர்.

இந்தப் பக்கம், மீஞ்சூர் வரைக்கும், நிலத்தடி நீரில் கடல் புகுந்து பல பத்தாண்டாகிறது. போர்வெல் தண்ணீரில் உப்பும் உண்டு, சுண்ணாம்பும் உண்டு. பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பொருளோடு சுண்ணாம்புச் சத்து சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு விறகு எரித்தாலும், எத்தனை விசில் விட்டாலும் நடுவில் ஒரு கல் இருக்கும். காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய ஆலை, கடல் தண்ணீரிலிருந்து ஒரு நாளைக்கு 100 மில்லியன் லிட்டர் குடிநீர் எடுத்துக் குழாயில் அனுப்பக் கட்டியது. இங்கே பருப்புக்கு நல்ல தண்ணீர் வேண்டுமானால் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்க வேண்டும்.

அதனால் இப்படி: பருப்பைக் கழுவுவது போர் தண்ணீரில். ஊறவைப்பதும் வேகவைப்பதும் குடிக்கிற தண்ணீரில். ஒரு ஆழாக்குப் பருப்புக்கு மூன்று ஆழாக்குத் தண்ணீர், முக்கால் மணி நேரம் ஊறல், ஊறிய தண்ணீரோடு அப்படியே அடுப்பில். மஞ்சள்தூளும் அரை ஸ்பூன் எண்ணெயும் போட்டால் பொங்கி வழியாது. புளியும் தக்காளியும் பருப்பு மசிந்த பிறகுதான். புளிப்பு முன்னாலேயே இறங்கினால் அதுவும் பருப்பை இறுக்கும். நேரத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போடுகிற வீடுகளில்தான் புகார் அதிகம்.

சிலர் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுகிறார்கள். பருப்பு குழைந்துவிடும், அது உண்மை. கூடவே பி1 வைட்டமினும் குறைந்துவிடும்.

இன்னொரு கணக்கு. ரேஷன் அட்டைக்கு மாதம் 1 கிலோ பருப்பு, 30 ரூபாய். நாலு பேர் வீட்டில் முப்பது நாளைக்குப் பிரித்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் சொச்சம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரித் தட்டுக்குப் பருப்பு, பயறு 85 கிராம். பத்தில் ஒரு பங்குதான் ரேஷனில் வருகிறது. "தினமும் பருப்பு சேருங்க" என்று சொல்வதற்கு முன்னால் இந்த வகுத்தலை நாம் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கொள்ளு, காராமணி, பச்சைப்பயறு, ஒடச்ச கடலை. பருப்பு என்றாலே துவரம்பருப்பு என்று நின்றுவிடக் கூடாது.

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில்.

மே 6, செவ்வாய்

கூழ். எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. ஆடிக்கு அம்மன் கோயிலில் டேக்சா டேக்சாவாகக் காய்ச்சுகிறவர்களுக்கு நாம் கற்றுத்தர என்ன இருக்கிறது? வீட்டளவில் காய்ச்சும்போது கட்டி தட்டுகிறது, புளிப்பு தலைக்கேறுகிறது, இந்த இரண்டும்தான்.

கேழ்வரகு மாவு 1 ஆழாக்கு, தண்ணீர் 2 ஆழாக்கு, முதல் நாள் இரவே கரைத்து மூடி வைப்பது. தை மாதமென்றால் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். இந்த வெயிலில் எட்டு மணி நேரம் போதும், சில இரவு ஆறே போதும். மேலே சின்னக் குமிழ் வந்து, மோர் மாதிரி புளித்த வாசனை வந்தால் சரி. சாராய நெடி அடித்தால் தாண்டிவிட்டது.

காலையில் கால் ஆழாக்கு நொய்யை 4 ஆழாக்குத் தண்ணீரில் குழைய வேகவிட்டு, தீயைக் குறைத்து, புளித்த மாவை நூலாக ஊற்றிக்கொண்டே துடுப்பால் ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். கட்டி விழுவது காய்ந்த மாவை நேராகக் கொதிநீரில் கொட்டுவதால். மேல்மாவு வெந்து தோலாகிவிடும், உள்ளே பச்சை மாவு சிக்கிக்கொள்ளும். பதினைந்து நிமிஷத்தில் பளபளப்பு வரும். ஈரக் கையால் தொட்டுப் பார்த்து ஒட்டவில்லையென்றால் இறக்கலாம்.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. பால் வாங்க முடியாத மாதத்தில் இதைத்தான் முன்னால் வைக்க வேண்டும்.

கூழ் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்கிறார்கள். கடை மாவுப் பாக்கெட்டில் கலந்து தோசையாகக் கொடுங்கள்: இரண்டு கப் இட்லி மாவுக்கு அரை கப் கேழ்வரகு மாவு, முக்கால் கப் தண்ணீர், அரை மணி ஊறல். இதற்கு மட்டும் யாரும் முகம் சுளிக்கவில்லை. புதுப் பண்டம் செய்யச் சொன்னால் வகுப்போடு முடிந்துவிடும். ஏற்கெனவே சுடுகிற தோசையில் ஒரு பிடி மாறினால் அது வீட்டுக்குப் போகும். இந்த வேலையில் நான் நம்புகிற ஒரே விஷயம் இதுதான்.

மே 9, வெள்ளி

ஆயா இன்னும் பொறுக்குகிறார்.

மே 12, திங்கள்

உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன். நாலு பேருக்கு 20 கிராம், ஆக ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். "உங்க வீட்ல எத்தன நாள் வருதுக்கா?" என்று கேட்டால் எதுவும் கிடைக்காது. மீன் உரசிக் கழுவுவது கல் உப்பில், கருவாடு போடுவது கல் உப்பில். பாக்கெட் எங்கே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கேள்வியை மாற்ற வேண்டும்: குழம்புக்கு எதால் அள்ளிப் போடுகிறீர்கள்? கை என்றால், அந்தக் கையளவை ஸ்பூனில் கொட்டி அளந்து காட்டுவது.

தடைக்காலத்தில் கருவாடு கூடுகிறது, அதுதான் கவலை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் கருவாட்டை விடச் சொல்வது வீண்பேச்சு. வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இன்னும் இரண்டு தண்ணீர் அலசி, குழம்பில் போட்டுக் கொதித்த பிறகு ருசி பார்த்து, அப்புறம்தான் உப்பைத் தொட வேண்டும். முதலிலேயே உப்புப் போட்டுவிட்டுக் கருவாட்டைச் சேர்ப்பதில்தான் எல்லாம் கெடுகிறது. கத்திரிக்காயும் மொச்சையும் நிறையப் போட்டுக் கருவாட்டைக் குறைத்தால் வாசனை நிற்கும், உப்பு நிற்காது.

மே 13, செவ்வாய்

ரேஷன் பாமாயில் இந்த மாதம் இன்னும் வரவில்லையாம். 25 ரூபாய்ப் பாக்கெட்டு. அது வரும் வரைக்கும் பழைய எண்ணெயே சட்டியில்.

மே 17, சனி

பத்து ரூபாய் நொறுக்குத்தீனிப் பாக்கெட்டுகளைப் பற்றி. அம்மா காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார், பிள்ளை கையில் இருபது ரூபாய். கடையில் தொங்குவது மஞ்சள், சிவப்பு, பச்சை. சாயந்திரம் கையில் காசு இருந்தால் அத்தோ, பர்மா நூடுல்ஸ்.

அத்தோவை நான் திட்ட மாட்டேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு, வட சென்னைக்குச் சொந்தமாகிவிட்டது. முட்டைக்கோஸ், வெங்காயம், முட்டை, புளித்தண்ணீர் எல்லாம் அதில் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அத்தோ பிரச்சினையே இல்லை. தினமும் காலை பத்து மணிக்கு வெறும் வயிற்றில் இறங்கும் பொரித்த மாவுதான் பிரச்சினை.

பதிலுக்கு என்ன? அடுப்புப் பற்றவைக்காமல் பிள்ளையே எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி இருக்க வேண்டும். முதல் நாள் இரவு ஊறவைத்துக் காலையில் சோற்றோடு வேகவைத்த கொண்டைக்கடலை, மதியத்துக்குள் தீர வேண்டும். இந்த வெயிலில் தேங்காய் போட்டால் அதற்குள்ளேயே நூல் விடும், போடாதீர்கள். வறுத்த வேர்க்கடலை, ஒடச்ச கடலை, வெல்லம் ஒரு டப்பாவில். அங்கன்வாடி சத்துமாவு இருந்தால் கொழுக்கட்டை பிடித்து ஆவியில் பத்து நிமிஷம். அதில் வெல்லம் ஏற்கெனவே இருக்கிறது, மேலே சர்க்கரை கொட்ட வேண்டாம்.

பழைய சோறும் நல்லதுதான், ஆனால் வடித்த சோறு ஆறினதும் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் மூடிக் கிடந்த சோற்றில் கிருமி பெருகும், அது விடுகிற நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மோந்து பார்த்தும் தெரியாது. காலை பத்து மணி தாண்டியதைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

மே 18, ஞாயிறு

உலை நேரத்துக்குப் போய் மணியை நசுக்கிக் காட்டினோம். ஆயா கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்து, "மாவாத்தான் கீது" என்றார். "ஆனா சோத்துல இது எதுக்கு?" நியாயமான கேள்வி. ரத்தசோகை என்று ஆரம்பித்ததும் மருமகள்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்.

அதே வேகத்தில் கஞ்சியைச் சாக்கடையில் வடித்தார்கள். கரையும் வைட்டமினெல்லாம் அதோடுதான் போகிறது. வடிக்காமல் அளவுத் தண்ணீரில் பொங்கலாம், அல்லது கஞ்சியை எடுத்து மோரும் உப்பும் சேர்த்துக் குடிக்கலாம், ரசத்துக்கு ஊற்றலாம்.

மே 21, புதன்

முருங்கை மரம் தெருவுக்கு ஒன்று நிற்கிறது, கீரை கேட்பாரில்லை. கசக்கிறது, கட்டி கட்டியாக ஒட்டுகிறது என்கிறார்கள். கரண்டியால் போட்டுக் கிளறினால் அப்படித்தான். ஈரம் வடிய வைத்து, வெங்காயம் வதங்கியதும் கீரையைப் போட்டு, மூடாமல், இரண்டே முறை புரட்டி, ஆறு நிமிஷத்தில் இறக்க வேண்டும். உப்பு கடைசியில், கீரை சுருங்கின பிறகு. வறுத்த வேர்க்கடலைப் பொடி இரண்டு ஸ்பூன் தூவினால் கசப்புத் தெரியாது. எலுமிச்சை பிழிவது அடுப்பை அணைத்த பிறகு. அதிலிருக்கும் சி வைட்டமின்தான் இரும்பை உடம்பில் சேர்க்க உதவுகிறது, கொதித்தால் அது குறைந்துவிடும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும். இதைச் சொன்னதும்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

மே 26, திங்கள்

மனசே சரியில்லை. கடையில் கடன் சொல்லி வாங்குகிற வீட்டுக்குள் நின்று அளவு ஸ்பூனைக் காட்டுவது கூச்சமாக இருக்கிறது. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, முட்டை. 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதியச் சாப்பாட்டைத் தொடங்கிவைத்தவர், அப்போது சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த தியாகராயர். நூறு வருஷம் கழித்தும் லீவு நாளில் அந்தத் தட்டு காலிதான். அடுத்த கோடைக்கு இப்போதே ஏதாவது யோசிக்க வேண்டும், மேயில் யோசித்து ஆகாது.

ஜூன் 7, சனி

பொறுக்கின மணி இன்று வேறொரு வீட்டில், காட்டுக்குப்பத்தில். எவர்சில்வர் தட்டு ஓரத்தில் சின்னக் குவியல். மறுபடி முதலிலிருந்து.

ஜூன் 11, புதன்

படகுக்குப் பெயின்ட் வாசனை தெருவெல்லாம். பேச்செல்லாம் ஐஸ், டீசல், வலை. சமையல் பேச யாருக்கும் நேரமில்லை. முதல் மீன் வந்ததும் எல்லா வீட்டிலும் வறுவல்தான், அதுவும் இத்தனை நாள் வைத்திருந்த கறுத்த எண்ணெயில். நுரை அடங்காமல் வந்தால், பிசுக்கென்று கையில் ஒட்டினால், சட்டி காயும் முன்னே புகைந்தால் அந்த எண்ணெயைக் கொட்டிவிடலாம். கொட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது, 25 ரூபாய்க்குக் காத்திருந்து வாங்கியது.

தோசைக்கல் வறுவலைக் காட்டலாம். கால் கிலோ மீனுக்கு எண்ணெய் இரண்டு ஸ்பூன். மசாலா தடவி இருபது நிமிஷம். கல் நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய், அப்புறம் மீன், நடுத்தர தீ. ஓரம் தானாகக் கல்லை விடும் வரைக்கும் திருப்பாதே. ஈர மீனை ஆறின கல்லில் போட்டால்தான் தோலெல்லாம் பிய்ந்து வரும். நெத்திலியை முள்ளோடு குழம்பு வைத்தால் சுண்ணாம்புச் சத்துக்கு வேறெதுவும் தேட வேண்டாம். புளிக்குழம்பு கொதித்து எண்ணெய் மிதந்த பிறகு போட்டு ஐந்து நிமிஷம், கரண்டி விடாமல் சட்டியைச் சுழற்று.

ஜூன் 14, சனி

நள்ளிரவில் கிளம்புகிறார்கள். திங்கட்கிழமை தோசைக்கல் இரண்டு, ஸ்டவ், அளவு ஸ்பூன். கூடத்துச் சாவி இன்னும் கிடைக்கவில்லை, யாரிடம் இருக்கிறது என்று நாளைக்குக் கேட்க வேண்டும்.